வேலைக்கான போட்டோவுக்கு என்ன உடுத்துவது?

திருப்பதிக்குப் பக்கத்தில், சந்திரகிரியில் என்னைப்போல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஒன்று முகூர்த்த மாதங்கள். மற்றது கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கும் காலம். பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலிருந்தும் சுற்றியுள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. முதல் வேலைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதைப் படித்துவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் ஒரு நடை மிச்சம்.

1. படம் யாருடைய மேசைக்குப் போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு ஆற அமர எடுக்கும் முதல் படம் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம்தான். அதில் புடவையும் நகையும் முன்னால் நிற்க வேண்டும், குடும்பத்தின் வசதி கொஞ்சம் தெரிய வேண்டும். அது அந்தப் படத்தின் நியாயம். அதே கணக்கில் பயோடேட்டா படத்துக்கும் அம்மா பட்டுப்புடவையையும் ஆரத்தையும் எடுத்து நீட்டுவார். வேண்டாம் என்று பதமாகச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உங்கள் வீட்டு பீரோவைப் பற்றிக் கவலை இல்லை. நாளைக்குத் தன் எதிர் நாற்காலியில் உட்காரப்போகிறவளின் முகத்தைத்தான் தேடுகிறார். அந்த வேலையில் சேர்ந்தபின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எதை உடுத்துவீர்களோ, அந்த வகையில் நல்லதாக ஒன்று. என் யோசனை இவ்வளவுதான். மீதியெல்லாம் நுணுக்கம்.

இடத்துக்கு ஏற்ற உடை என்பது புதிதில்லை. எங்கள் சந்திரகிரிக் கோட்டைக்குள் ராஜமகால் மியூசியத்துக்குப் போனவர்கள் கிருஷ்ணதேவராயரையும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு ராணிகளையும் சிலைகளாகப் பார்த்திருப்பீர்கள். அசல் உருவங்கள் திருமலைக் கோயிலின் பிரதிமா மண்டபத்தில் இருக்கின்றன. விஜயநகரத்தையே ஆண்டவர் குடும்பம், மூவரும் கைகூப்பித்தான் நிற்கிறார்கள். ராயர் தலையில் போர்க்களத்துக் கவசம் இல்லை, உயரமான குல்லாய். வாள் இல்லை, சிம்மாசனம் இல்லை. சுவாமி முன்னால் நிற்கும் உருவம் என்பதால் அந்த இடத்துக்கு ஏற்ற கோலம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம் இது.

2. வெள்ளைப் பின்னணிக்கு வெள்ளை உடை ஆகாது. வேலையை ஒட்டிப் பாஸ்போர்ட்டும் எடுப்பீர்கள். அதற்குப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் இருப்பது வெள்ளை. அன்றைக்கு வெள்ளைச் சுடிதாரோ சந்தன நிறப் புடவையோ உடுத்திப் போனால் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, கழுத்து மட்டும் தனியே மிதக்கும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும். பத்து வருஷமும் அந்தப் படத்தைத்தான் காட்டியாக வேண்டும். அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரப் படம், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சீருடை கூடாது. 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடியும் கூடாது. மதவழக்கப்படி தினமும் தலையை மூடுகிறவர்கள் மூடியபடியே எடுக்கலாம், முகம் முழுசாகத் தெரிய வேண்டும். ஹிஜாப் அணிகிற பிள்ளைகள் துணியை நெற்றியில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள், கண்மேல் நிழல் விழாது.

3. நிறம் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு. கறுத்த பெண்ணுக்கு வெளிர் நிறம்தான் எடுக்கும் என்று கடைக்காரர் வரை சொல்வார்கள். நம்பாதீர்கள். தப்பு தோலில் இல்லை. ஒரு காலத்தில் கோடக் கம்பெனி போட்டோ லேப்களுக்கு ஷர்லி கார்டு என்று ஒன்று அனுப்பும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் அது. அவள் தோல் சரியாக வந்துவிட்டால் பிரின்ட் சரி என்று கணக்கு. நம் முகமெல்லாம் அந்தக் கணக்கில் சேராமல் கரிக்கட்டையாக வந்தது. கறுத்த தோலைப் படம் பிடிக்க முடியாது என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய கேமராவில் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை, ஒளியைச் சரியாக வைத்தால் போதும்.

வெளிர் நிறத்தைவிட அடர் நிறம்தான் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எடுக்கிறது. மயில் நீலம், அரக்கு, கத்தரிப்பூ, பாட்டில் பச்சை என்று எதையும் எடுக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பதி பூர்ணகும்பம் சர்க்கிளில் அவருக்குச் சிலை இருக்கிறது, காலையில் ஊரை எழுப்புகிற சுப்ரபாதமும் அவர் குரல்தான். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்வித்த நீலம் எம்.எஸ். ப்ளூ என்றே கடைகளில் ஓடியது. அந்த நீலத்துக்கு மேல் அவர் முகமும் மூக்குத்தியும் எப்படித் தெரிந்தன என்று பழைய படங்களில் பாருங்கள். துணி வாங்கப் போகும்போது மனதில் இருக்கட்டும்.

கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் மட்டும் வேண்டாம். விளக்கு வெளிச்சம் துணியில் பட்டுத் தாடைக்கு அடியில் திரும்பி அடிக்கும். பச்சைத் தாடையோடு யாரும் அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

4. துணி. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சாட்டினும் பளபளக்கிற பாலியஸ்டரும் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வெள்ளைக்கோடு காட்டும். கனமான ஜரிகையும் அப்படித்தான். காட்டன் நல்லது. நம் ஜில்லாவிலேயே வெங்கடகிரி இருக்கிறது. அங்கே நெய்யும் காட்டன் புடவை அவ்வளவு மெல்லிசு, உள்ளே போட்டிருக்கும் ரவிக்கையின் ஓரம்கூடத் தெரியும். புடவையின் நிறத்துக்கே ரவிக்கை போட்டால் உறுத்தாது.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியும் நம்முடையதுதான், மூங்கில் பேனாவால் கையால் வரைவது. நான் பெரிதும் மதிக்கிற வேலை. ஆனால் மார்பளவுப் படத்துக்கு உருவங்கள் வரைந்த கலம்காரி வேண்டாம். உங்கள் முகத்துக்குக் கீழே முந்தானையில் இன்னொரு முகம், அதுவும் இவ்வளவு பெரிய கண்ணோடு. பார்க்கிறவர் அந்தக் கண்ணைத்தான் பார்ப்பார். கொடியும் பூவும் மட்டும் உள்ள கலம்காரியில் ரவிக்கை தைத்து, ஒரே நிறப் புடவையோடு உடுத்திப் பாருங்கள். நன்றாக இருக்கும்.

பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் நேரில் அழகு, படத்தில் தொல்லை. கேமராவின் சென்சாரிலும் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. துணியின் கோடும் அந்த வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இல்லாத அலை ஒன்று நெளியும். படத்தைச் சிறிதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த நெளிவு இன்னும் கூடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

5. கழுத்து. படத்தில் வருவது தோளுக்கு மேலும் கீழும் ஒரு சாண். அதனால் உடையில் முக்கியமான இடம் கழுத்துதான். மிகவும் அகலமான கழுத்து வைத்த ரவிக்கை, படத்தை வெட்டியபின் துணியே இல்லாததுபோல் காட்டும். புடவையென்றால் முந்தானையை மடிப்பு எடுத்துத் தோளில் ஊக்கு குத்திக்கொண்டு வாருங்கள், ஊக்கு உள்பக்கம் இருக்கட்டும். சுடிதாரென்றால் துப்பட்டா ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கமும் வி போலக் குத்தினால் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்தான். துப்பட்டாவே வேண்டாம் என்றால் அதுவும் சரி, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

6. கோட்டு. பெங்களூர் கம்பெனி என்றதும் பிள்ளைகளுக்குக் கோட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. தம்பியின் கோட்டில் தோள் தொங்கும், ஸ்டுடியோ கோட்டைப் பின்னால் கிளிப் போட்டு இறுக்க வேண்டியிருக்கும். இதைவிட மோசம் கம்ப்யூட்டரில் கோட்டு ஒட்டுவது. சில ஸ்டுடியோக்களில் தலையை மட்டும் எடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ வைத்துவிடுகிறார்கள். கழுத்தில் ஒரு வெளிச்சம், காலரில் ஒரு வெளிச்சம், தலை கொஞ்சம் பெரிசு. இன்டர்வியூ எடுப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். சொந்தக் கோட்டு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் இஸ்திரி போட்ட குர்தா எந்தக் கோட்டுக்கும் குறைந்ததில்லை.

7. நகை, பூ, பொட்டு. சின்னத் தோடு போதும், ஜிமிக்கி ஆடும், மின்னும். மல்லிகைப்பூ காதோரம் எட்டிப்பார்த்தால் படத்தில் வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரியும், பின்னால் தள்ளிச் செருகுங்கள். பொட்டு உங்கள் இஷ்டம், கல் பதித்த ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். தாலி உள்ளேயா வெளியேயா என்பதைக் கேமரா முன் உட்கார்ந்தபின் யோசிக்காதீர்கள். பவுடர் குறைவாக, ஃப்ளாஷில் அது சுண்ணாம்பாகும். அன்று காலை மஞ்சள் பூசிக் குளிக்க வேண்டாம்.

8. திருமலையில் முடி இறக்கப் போகிறவர்கள் பலர், படம் எடுப்பது அதற்கு முன்பா பின்பா என்று கேட்கிறார்கள். நாள் இருந்தால் படத்தை எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள். இறக்கியாகிவிட்டது, வேலையில் சேரும் நாளும் நெருங்கிவிட்டது என்றால் மொட்டையோடே எடுங்கள். இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளியூர் ஆபீஸிலும் அடையாள அட்டையில் இருப்பதும் வாசலில் நிற்பதும் ஒரே ஆளாக இருப்பதுதான் முக்கியம். விக் மட்டும் வேண்டாம்.

9. முதல்நாளே படத்துக்கான உடையை உடுத்தி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கிற உடை உட்கார்ந்தால் தூக்கும். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கினால் அக்குளில் ஈரம் தெரியும், ஸ்டுடியோவுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம்.

10. இத்தனையும் பார்த்து உடுத்தி வந்தபிறகு, மவுஸைப் பிடிக்கிறவர் கேட்காமலே முகத்தை வெளுத்துவிடுவார். எங்கள் தொழிலில் அது கைப்பழக்கம், நல்லது செய்கிற நினைப்பில்தான் செய்வார்கள். முகம் மாறினால் உடையின் நிறமும் அதோடு சேராது. அமெரிக்க விசாவுக்குத் திருத்திய படத்தை ஏற்றுக்கொள்வதும் இல்லை. அதனால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்: பருவைத் துடைக்கலாம், நிறத்தைத் தொடக்கூடாது. கேட்கவில்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.