உத்தியோகக் குறைப்பும் ஊர்க் கணக்கும்

செலவு மிகுந்த காலத்தில் ஆட்களைக் குறைப்பது கடைக்கும் உண்டு, சர்க்காருக்கும் உண்டு. நம் வேலூர் லாங் பஜாரில் மண்டி வைத்திருக்கும் வணிகரொருவர் தம் கணக்கப்பிள்ளையை நிறுத்திவிடலாம். ஆயின் பேரேடு எழுதும் வேலை அவரோடு போய்விடாது. அதனை வேறொருவர் செய்தேயாகவேண்டும். ஆதலின் ஆட்குறைப்பு வேறு, சீர்திருத்தம் வேறு. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த வரலாறொன்று நம் மாகாணத்திலேயே உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முற்காலத்தில் ஊர்தோறும் மணியக்காரர் வரி தண்டினார். கர்ணம் நிலக்கணக்கு எழுதினார். 1895-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்படி இவ்வுத்தியோகங்கள் பரம்பரைப் பாத்தியமாக வந்தன. பிறப்பினால் உத்தியோகம் அளித்தல் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணென்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எனினும் பகுதிநேர உத்தியோகம் என்னும் பழைய அமைப்பு நீடித்தது.

தமிழ்நாட்டு நிர்வாகச் சீர்திருத்தக் குழு 1973-இல் அதனை நீக்குமாறு பரிந்துரைத்தது. எம். ஜி. இராமச்சந்திரனாரின் அரசாங்கம் 1980 நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, 20,000-க்கு மேற்பட்ட உத்தியோகங்களை ஒருங்கே ஒழித்தது. அவற்றினும் குறைந்த தொகையில், முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவிகள் தோன்றின. நீக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். நல்லெண்ணத்தோடு பதவியை ஒழித்தல் அதிலிருந்தவரைத் தண்டித்தலாகாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. அண்டையிலுள்ள ஆந்திர நாடும் 1984-இல் இவ்வழியே சென்றது.

இதன் நன்மை தீமைகளை நடுநின்று தூக்குதல் வேண்டும். நெடுங்காலம் உழைத்தோர் பலர் திடீரெனப் பிழைப்பிழந்தனர். சட்டம் இழப்பீட்டுக்கு வழி வகுத்ததேனும், முதுமையில் வேறு தொழில் தேடுதல் எளிதன்று. எந்த வயலின் எல்லை எவ்வரப்பு என்று மனத்திலேயே வைத்திருந்தவரின் அறிவும் அவரோடு நீங்கிற்று. மற்றொரு புறம், தம் சுற்றத்தார் நிலத்துக்கும் பகைவர் நிலத்துக்கும் ஒருவரே கணக்கெழுதும் இக்கட்டு தளர்ந்தது. அனைத்தினும் மேலாக, பிறப்பென்னும் பூட்டு திறந்தது. ஆம்பூர்த் தோல்பதனிடும் சாலையில் உழைப்பவரின் மகளும், பத்தாம் வகுப்புத் தேறித் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வில் வென்றால், அடங்கலும் சிட்டாவும் பேணும் அலுவலராகலாம். குறைந்த தொகையைக் காட்டிலும் இத்திறப்பே அச்சீர்திருத்தத்தின் உயிர் என்க.

மாணவ நண்பர்காள்! எந்நாட்டிலாயினும் இத்தனை ஆயிரம் உத்தியோகங்கள் நீக்கப்பட்டன என்று கேள்வியுறுங்கால், அவ்வெண்ணோடு நின்றுவிடற்க. அவர்கள் செய்த வேலை யார் கையில் ஒப்புவிக்கப்பட்டது, நீங்கினோர்க்கு நீதி கிடைத்ததா, சான்றிதழுக்கு வந்து நிற்கும் ஏழைக்கு நடை குறைந்ததா என்று வினவுக. இவற்றுக்கு நல்ல விடையுண்டேல் அது சீர்திருத்தம். இல்லையேல் வெறுஞ் சிக்கனமே.