அரிய இரத்தம் ஓர் அமானிதம்

சென்ற ரமளானில் ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், எனக்குப் பம்பாய் வகை இரத்தமாம். பிரசவத்திற்கு வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் அதே வகையாம். நோன்போடு கொடுக்கலாமா?" என்று கேட்டார். சற்றுத் தயங்கி, "தங்கையையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அறிந்தால் என்னாகுமோ என்று உம்மா பயப்படுகிறார்" என்றார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லி அனுப்பினோம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, அந்த இரத்தம் எத்தகையது என்பதை நாமே மருத்துவர்களிடம் கேட்டறிய வேண்டியதாயிற்று. அறிந்ததை இங்கே தருகிறோம்.

பம்பாய் வகை என்பது என்ன?

இரத்தச் சிவப்பணுக்களின் மேல் 'எச்' என்னும் ஒரு பொருள் உண்டு. அது அஸ்திவாரம் போன்றது. அதன் மேல்தான் ஏ, பி என்னும் அடையாளங்கள் அமைகின்றன. ஓ வகையினரிடம் அஸ்திவாரம் மட்டுமே இருக்கும். மிகச் சிலரிடமோ அந்த அஸ்திவாரமே இராது. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் இதனை முதன்முதலாகக் கண்டு வெளியிட்டதால் அவ்வூரின் பெயரே இதற்கு நிலைத்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வகை இரத்தம் என்பர். ஐரோப்பாவிலோ 10 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான்.

இது நோயன்று, உடல் நலத்திற்கு இதனால் குறைவில்லை. இரத்தம் ஏற்ற நேரும்போதுதான் சோதனை. சாதாரணப் பரிசோதனையில் இவர்களுடைய இரத்தம் ஓ என்றே தெரியும். அதை நம்பி ஓ இரத்தத்தை ஏற்றினால், உடல் அதை அந்நியமாகக் கொண்டு அழிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களுக்கு இவ்வகையினரின் இரத்தமே வேண்டும். இவர்களின் இரத்த நீரை ஓ அணுக்களோடு சேர்த்துச் சோதித்தால் அணுக்கள் திரண்டு கட்டிக்கொள்ளும், உண்மை வெளிப்பட்டுவிடும்.

மார்க்கம் கூறுவது

இரத்தம் ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிர்ப்பந்தத்திற்கு ஆளானவருக்கு அல்பகரா சூராவின் 173-ஆம் வசனத்தில் அல்லாஹ் சலுகை அளித்துள்ளான். அதைக் கொண்டே, உயிர் காக்க வேறு வழியில்லாதபோது இரத்தம் ஏற்றலாம் என்று உலமாக்கள் தீர்ப்பளித்துள்ளனர். பெறுபவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. இரத்தத்தை விற்பது மட்டும் கூடாது.

இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே நிலை. பலவீனம் வரும் என்று அஞ்சினால் இரவில் கொடுக்கலாம். உயிர் போகும் அவசரமாயின் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். பிறகு நோன்பைத் தாங்க முடியாமற் போனால் விட்டுவிட்டுக் களாச் செய்யலாம்.

கணவனின் இரத்தம் மனைவிக்கு ஏறினால் நிக்காஹ் கெட்டுவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். கெடாது. பால்குடி உறவுக்குரிய சட்டம் இரத்தத்திற்கு இல்லை.

மறைக்கலாமா?

தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குணம் ஒன்றுசேரும்போதே பிள்ளைக்கு இவ்வகை அமைகிறது. நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். மாமன் மகளை மணப்பது ஹலால், ஆனால் கட்டாயமன்று. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அண்ணனுக்கு இருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்தத் தங்கையைப் பரிசோதிப்பது அவசியம். அறியாமல் விட்டு, நாளை அவள் பிரசவ அறையில் கிடக்கும்போது ஓடித் திரிவதா? இருப்பது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்க வேண்டாம். அவளுக்கு ஆபத்து வரும் நாளில் உதவ வேண்டியவர்கள் அவர்களே. கேட்டவர்களும் இதைக் குறையாகப் பேசுவது அநியாயம். அல்லாஹ் படைத்த அமைப்பு குறையாகாது.

இவ்வகையினர் அதை எழுதிய சீட்டை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளட்டும். இரத்த வங்கியில் பெயர் பதியட்டும். முன்கூட்டியே நாள் குறித்த அறுவையாயின் தம் இரத்தத்தையே எடுத்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். கர்ப்பிணிகள் இரத்தசோகை வராமல் பார்த்துக்கொள்ளட்டும். எடுத்த இரத்தம் சாதாரணக் குளிர்பெட்டியில் 42 நாள்களுக்கு மேல் பயன்படாது. ஆகவே சேமித்துக் குவிக்க வழியில்லை. அழைக்கும்போது ஆள்தான் வர வேண்டும்.

அன்று மஃரிபுக்குச் சற்றுமுன் அந்த இளைஞர் கையில் பஞ்சுக்கட்டோடு திரும்பி வந்து நம்மோடு நோன்பு திறந்தார். பெருநாள் கழிந்து உம்மாவே மகளை அழைத்துச் சென்று பரிசோதித்ததாகப் பிறகு சொன்னார். முடிவு என்னவென்று நாம் கேட்கவில்லை.

பத்தாயிரத்தில் ஒருவருக்குக் கிடைத்தது பெருமைக்கன்று. அது இன்னொருவருக்காக ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை உரியவரிடம் சேர்க்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.