பாளையங்கோட்டைப் பழைய ஆலயம்

பாளையங்கோட்டைக்கு வருவோர் கண்ணில் முதற்கண் படுவது ஊசிக்கோபுரமே. இரேனியஸ் ஐயர் காலத்தில், 1826ஆம் ஆண்டில், பிரதிஷ்டை செய்யப்பெற்ற தூய திரித்துவ ஆலயத்துக்கு உரியது அது. அவ்வாலயத்தின் பெருமையை எடுத்துரைப்போர் பலர். ஆயின் அதற்கு 41 ஆண்டுகள் முந்திய சிற்றாலயம் ஒன்று அந்நகரிலேயே உளது. அதனைக் கட்டுவித்தவர் மிஷனெரியும் அல்லர், கும்பினித் துரைத்தனத்தாரும் அல்லர், கைம்பெண் ஒருவர். அச்சிற்றாலயம் எழுந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டை கும்பினிப் பட்டாளம் தங்கிய கோட்டையூர். 1771இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து எழுதிய சுவார்ட்ஸ் ஐயர், அக்கோட்டையில் சவரிமுத்து என்னும் கிறிஸ்தவர் ஒருவர் தம் அயலார்க்கு வேதத்தை வாசித்துக் காட்டி வருவதைக் குறித்திருக்கின்றார். சவரிமுத்து பட்டம் பெற்ற குருவானவர் அல்லர். குருவானவர் வருமுன்னரே வாசிப்போர் ஒருவரும் கேட்போர் சிலரும் அங்கே இருந்தனர் என்பது கருதத்தக்கது. திருநெல்வேலிச் சபையின் முதல் ஏடு இதுவே எனலாம்.

அக்காலத்தில் அக்கோட்டையில் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் ஆதரவில் வாழ்ந்தவர் தஞ்சையைச் சார்ந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண். கணவனோடு உடன்கட்டை ஏறவிருந்த அவரை அவ்வதிகாரியே மீட்டார் என்பது செவிவழி வரும் கதை. லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்து மார்க்கமும் கற்பித்தார். ஞானஸ்நானம் பெற விரும்பிச் சுவார்ட்ஸ் ஐயரிடம் அம்மாது விண்ணப்பித்தபோது, மணவினையின்றி ஒருவரோடு வாழ்பவர்க்கு அதனை அளித்தல் ஆகாதென்று ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின் அம்மையார் மீண்டும் வேண்டினார். 1778இல் கிளாரிந்தா என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார்.

ஐயர் மறுத்தது திருச்சபை ஒழுங்குக்கு இயைந்ததே. அதனை யாரும் குறைகூறார். எனினும் அம்மறுப்பின் பாரம் முழுவதையும் சுமந்தவர் யார் என எண்ணிப்பார்த்தல் வேண்டும். பிறந்த குலம் அவரை இனி ஏற்காது. சேர விரும்பிய சபையும் அன்று கதவைத் திறக்கவில்லை. அங்ஙனம் இரு வாயில்களுக்கும் வெளியே நின்ற ஒருவர், மனங்கசந்து அகலாது காத்திருந்ததே இச்சரித்திரத்தின் வியத்தகு பகுதி என்பது எம் கருத்து. பின்னர் அவர் செய்த தருமங்களுக்கெல்லாம் வித்து இக்காத்திருப்பிலேயே உளது.

1780இல் பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. மொத்தம் 40 பெயர்கள். அவற்றுள் முதலாவது கிளாரிந்தாவினது. பற்பல சாதியினர் அப்பட்டியலில் கலந்து காணப்படுகின்றனர். தனித்தனித் தெருவும் தனித்தனிக் கிணறுமாக மக்கள் வாழ்ந்த நாட்டில், அத்துணைப் பேரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இடம் பெற்றது சிறு செய்தியன்று. பிற்காலத்துச் சபைகளில் சாதி வேற்றுமை எத்துணை வழக்குகளை விளைத்தது என்பதை அறிந்தோர்க்கு இப்பட்டியலின் அருமை விளங்கும். நூல்களில் வரும் நீண்ட வருணனைகளினும் இந்நாற்பது பெயர்களே எமக்கு மிகுதியும் பேசுகின்றன.

சபை உண்டாயிற்று, கூடி வணங்க நிலையான இடமும் போதிக்கத் தக்க உபதேசியாரும் வேண்டியிருந்தன. கிளாரிந்தா தம் பொருளைக் கொண்டும், ஆங்கிலேயர் சிலர் அளித்த உதவியைக் கொண்டும் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஓர் ஆலயம் எழுப்பினார். உபதேசியாரை வேண்டித் தாமே தஞ்சைக்குச் சென்று சுவார்ட்ஸ் ஐயரைக் கண்டார். புகைவண்டி தோன்றாத அக்காலத்தில் ஏறத்தாழ 200 மைல் வழியை ஒரு கைம்பெண் கடந்தார் என்பதை வாசிக்குங்கால், சேனாபதிகளின் படையெடுப்புக்களை மட்டுமே விரித்துரைக்கும் சரித்திர நூல்கள்மீது சிறிது சினம் உண்டாகின்றது. 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவ்வாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

சத்தியநாதன் என்னும் தமிழ் உபதேசியாரைத் தஞ்சையிலிருந்து ஐயர் அங்கு அனுப்பினார். அவர் 1790ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அவர் தமிழில் செய்த பிரசங்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1792இல் இலண்டன் கிறிஸ்து மார்க்க அறிவு விளக்கச் சங்கத்தார் அச்சிட்டனர். ஆங்கிலப் பிரசங்கங்களைத் தமிழாக்கி நாம் கேட்டுப் பழகியிருக்கின்றோம். தமிழ்ப் பிரசங்கம் ஒன்று ஆங்கிலமாகிக் கடல் கடந்து இலண்டன் மக்கள் கையில் தவழ்ந்தது நமக்குப் புதுமையாகத் தோன்றுகின்றதன்றோ?

தமிழ் மாணாக்கர் மறத்தற்கரிய மற்றொரு தொடர்பும் இவ்வாலயத்துக்கு உண்டு. அச்சபையில் தேவசகாயம் என்னும் புலவர் ஒருவர் இருந்தார். அவர் மைந்தர் 1774இல் பிறந்த வேதநாயகர். 1785இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அச்சிறுவரைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அவரே பின்னாளில் பெத்லெகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். குற்றாலக் குறவஞ்சி வழங்கும் மண்ணிற் பிறந்த பிள்ளை, தஞ்சை அரண்மனைச் சூழலில் வளர்ந்து, கிறிஸ்துவைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குறவஞ்சி பாடியது தற்செயலாக நிகழ்ந்தது என்று கொள்ள எமக்கு மனமில்லை. குறத்தியின் குரல் அவர் செவியில் இளமையிலேயே விழுந்திருத்தல் வேண்டும்.

சத்தியநாதருக்குப் பின்னர் அச்சபை மெலிந்தும் தழைத்தும் நடந்தது. 1799இல் முதலூர் தோன்றியதும், 1816இல் ஹஃப் ஐயர் பட்டாளத்துக் குருவாக வந்ததும், 1820இல் இரேனியஸ் ஐயர் வந்து பள்ளிகள் நிறுவியதும் தனித்தனியே விரித்தற்குரியன. நாளடைவில் சீமையின் தலைமை ஆலயம் என்னும் சிறப்பு ஊசிக்கோபுரத்துக்கு உரியதாயிற்று.

கிளாரிந்தாவின் கதையை விரிவாக எடுத்துரைத்தவர் இருவர். கால்டுவெல் ஐயர் திருநெல்வேலி மிஷனின் ஆதி வரலாற்றை 1881இல் வெளியிட்டபோது பதிவேட்டையும் கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு அவரைக் குறித்து எழுதினார். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்னும் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மாதவையா கிறிஸ்தவர் அல்லர். கைம்பெண்டிர் படும் துயரையே பல நூல்களில் எழுதி வந்தவர். சரித்திர ஆசிரியர் கிளாரிந்தாவிடம் சபையின் தாயைக் கண்டார். நாவலாசிரியர் தம் குலத்துப் பெண்ணின் துயரைக் கண்டார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்குமாறு தமிழ் வகுப்பு நண்பர்களை வேண்டுகின்றோம்.

ஊரார் வழக்கிலோ அவ்வாலயத்துக்குப் பெயர் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்பதே. மக்கள் நீருண்ண அவர் தோண்டுவித்த கிணறும் 'பாப்பாத்தி அம்மாள் கிணறு' ஆயிற்று. குலம் அவரை விட்டது. அவரும் குலத்தை விட்டார். பதிவேட்டில் பற்பல சாதியினர்க்கு முன்னே புதுப்பெயரோடு நின்றார். ஊர் வாயில் நிலைத்ததோ அவர் துறந்துவந்த அந்தக் குலப்பெயரே.