தணியும் துடிப்பு

நுழையும்முன்

ஓடும் வேகத்தைக் கொண்டு உடல்வலிமையை அளப்பது வழக்கம். ஓட்டம் நின்றபின் இதயம் எவ்வளவு விரைவில் அமைதி கொள்கிறது என்பதும் ஓர் அளவுகோலாகும்.

தாம்பரம் மாநகராட்சியின் தென்பகுதியில், ஏரியை ஒட்டி அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. இவ்வூரினர் பலர் பெருங்களத்தூர் நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறிப் பணிக்குச் செல்கின்றனர். வண்டியைப் பிடிக்கப் படிகளில் விரைந்தேறும் நடுத்தர வயதினர் ஒருவர், மேலே நின்று மூச்சு வாங்குகிறார். 'வயதாகிவிட்டது' எனத் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் இதயம் உணர்த்தும் செய்தியை அவர் அறிவதில்லை.

இதயத்தின் கடிவாளம்

உடல் உழைக்கும்போது பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்துகின்றன. உழைப்பு நின்றதும் வேகஸ் நரம்பு அதனைத் தணிக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ மையத்தினர் 2428 பேரை ஆறாண்டுகள் கண்காணித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஆண்கள். சராசரி வயது 57. உடற்பயிற்சிக்குப் பிந்தைய முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே தணிந்தோரிடம், பிற காரணிகளைக் கணக்கிட்ட பின்னரும், இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

தமனியின் நெகிழ்ச்சி

கழுத்துத் தமனியின் சுவரில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் நெகிழ்ந்து விரியும்போது அவை தூண்டப்படுகின்றன. அத்தூண்டலே வேகஸ் நரம்பைச் செயற்படுத்துகிறது. புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றால் தமனி விறைப்படைந்தால் அவ்வுணர்வு மழுங்கும். இதயத்தைத் தணிக்கும் ஆற்றலும் குன்றும். எனவே, தணியத் தாமதிக்கும் துடிப்பு தமனியின் நலிவையும் சுட்டக்கூடும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2001இல் வெளியான சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு, ஆராயப்பட்டோருள் 11 விழுக்காட்டினரிடம் இதயத் தமனி நோயைக் கண்டறிந்தது.

நடையே மருந்து

தொடர்ந்து நடப்போரிடம் வேகஸ் நரம்பின் செயல் வலுப்பெறுகிறது. தமனியின் நெகிழ்ச்சியும் காக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. எனினும், நாமே எண்ணும் துடிப்பு மருத்துவரின் ஆய்வுக்கு ஈடாகாது. சில மருந்துகளும் துடிப்பின் வேகத்தை மாற்றும். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். குடும்பத்திற்காக ஓடும் தந்தையர் ஒரு நிமிடம் நின்று, தம் இதயத்திற்கும் செவிசாய்த்தல் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளின் வழியாகவே இதயத்தைத் தணிக்கிறது என்பதை, 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தவர் ஆட்டோ லோவி. அப்பொருள் அசிட்டைல்கோலின். இவர் 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கற்பவை கற்றபின்

மூன்று நிமிடங்கள் விரைந்து நடந்து நின்றவுடனும், ஒரு நிமிடம் கழித்தும் உங்கள் நாடித்துடிப்பை 15 நொடிகள் எண்ணி, நான்கால் பெருக்குக. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.