றங்குப்பெட்டிக் கடிதங்கள்

கேள்வி: அப்பப்பா மலாயாவிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. கறையான் அரிக்கிறது. எரித்துவிடலாமா? (வாசகர், நெடுந்தீவு)

பதில்: தயவுசெய்து எரிக்காதீர்கள். இத்தகைய கடிதங்களை வைத்துத்தான் போலந்துக்காரரான ஃபுளோரியன் ஸ்னானியெத்ஸ்கி (1882–1958) சமூகவியலுக்குப் புதுவழி திறந்தார். 1914இல் சிக்காகோ சென்ற அவர், சமூகவியலாளர் வில்லியம் தோமஸுடன் சேர்ந்து, அமெரிக்காவில் குடியேறிய போலந்து விவசாயிகளின் குடும்பக் கடிதங்களை ஆராய்ந்தார். 1918–1920இல் அந்த ஆய்வு 5 தொகுதிகளாக வெளிவந்தது.

அக்கடிதங்கள் இறைவனைத் துதித்துத் தொடங்கும், சுகம் விசாரிக்கும், உறவினர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். அப்பப்பாவின் பிள்ளையார் சுழியையும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதையும் எடுத்துப் பாருங்கள்! காசும் காணியும் கலியாணமும் அதற்குப் பிறகுதான். கடல் பிரித்தாலும் குடும்பம் குலையவில்லை என்று ஊருக்குச் சொல்லும் முறை அது. பிடி தளர்ந்த இடங்களையும் அதே கடிதங்கள் காட்டிக்கொடுத்தன.

ஸ்னானியெத்ஸ்கி 1920இல் போலந்து திரும்பி போஸ்னான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மறுவருடம் தொழிலாளர்களுக்குத் தன்வரலாறு எழுதும் போட்டி வைத்தார். வாழ்ந்தவர் பார்வையிலேயே வாழ்வைப் பார்க்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர்; எனக்கு அவரில் மிகப் பிடித்தது இதுவே.

கடிதங்களை நிழலில் உலர்த்துங்கள். முத்திரை ஒட்டிய உறைகளையும் எறியாமல் திகதிவாரியாக அடுக்குங்கள். நூலக நிறுவனத்தினர் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறார்கள்; அவர்களிடம் பேசிப் பாருங்கள்.