டம்ளர் ஆடாமல் நிற்க வேண்டும்

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடையில் எதுவும் வாங்காமல், அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு உன் கையால் ஒரு குவில்ட் விரிப்பு தைத்துத் தரப்போவதாக எழுதியிருந்தாய். மேசை முழுவதையும் மூடுகிற துணியாக இல்லாமல், நடுவில் மட்டும் விரிக்கும் டேபிள் டாப்பராக யோசித்திருக்கிறாய். முதல் குவில்ட்டுக்கு அதுதான் சரியான அளவு. எடுத்த எடுப்பில் கட்டில் விரிப்பில் கைவைத்த பலருடைய வேலை இன்னும் பீரோ மேல்தட்டில் பாதியில் கிடக்கிறது.

துணி வாங்குவதற்கு முன் அத்தை வீட்டுக்கு ஒரு நடை போய் வா. மேசை வட்டமா நீளமா என்று அளந்துகொள். அதன் மேல் எப்போதும் என்னென்ன இருக்கின்றன என்றும் பார்: தண்ணீர் ஜக், ஹாட்பேக், ஊறுகாய் ஜாடி, மாமாவின் மாத்திரை டப்பா. நீ தைப்பது சுவரில் மாட்டும் படம் இல்லை. இத்தனையும் அதன் மேல் ஏறி உட்காரப்போகின்றன. டம்ளர் ஆடாமல் நிற்க வேண்டும், சாம்பார் சிந்தினால் துவைக்க வர வேண்டும். நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

உள்ளே வைக்கும் பேட்டிங்கிலேயே முதல் முடிவு வந்துவிடும். நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது உப்பலான பாலியஸ்டர் ஷீட். தலையணைக்கு நல்லது, மேசைக்கு ஆகாது. டம்ளர் சாயும், சூடான பாத்திரம் இருந்த இடம் அமுங்கிப்போகும். மெல்லிய காட்டன் பேட்டிங் கிடைத்தால் வாங்கு. கிடைக்காவிட்டால் இன்னும் நைந்துபோகாத பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகப் போடு, போதும். எதை வைத்தாலும் அது பிரிமணை ஆகிவிடாது என்பதை அத்தையிடம் சொல்லிவிடு.

அடுத்தது சாயம். சிவப்பும் வெள்ளையும்தானே கிறிஸ்துமஸ் நிறம் என்று வாங்குவாய். முதல் சலவையில் வெள்ளை ரோஸாகிவிடும். சுங்குடியும் கைத்தறிச் சிவப்பும் இதில் பேர் போனவை. வெட்டும் முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசு. ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார். கறை பட்டால் அந்தத் துணி வேண்டாம், எத்தனை அழகாக இருந்தாலும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி வெள்ளையைப் பணயம் வைக்காதே. இந்த ஊறலிலேயே பருத்தி சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். உள்ளே வைக்கும் துணியையும், அடியில் வரும் துணியையும் மறக்காமல் நனை.

கிறிஸ்துமஸ் தாத்தாவும் மானும் அச்சடித்த துணி வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அது டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். கருஞ்சிவப்பு, பாசிப்பச்சை, சந்தன நிறம் என்று எடுத்தால் ஈஸ்டருக்கும் மேசையிலேயே இருக்கும்.

டிசைனுக்கு ரொம்ப அலையாதே. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய 'லாக் கேபின்' கட்டம் உனக்குப் பொருந்தும். நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டிகள். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம். வீட்டின் அடுப்பு அது என்பார்கள். அதுவும் கஷ்டமாகத் தெரிந்தால் வெறும் சதுரங்களே போதும். நாலரை அங்குலத்துக்கு வெட்டி, வரிசைக்கு ஒன்பது வைத்துத் தைத்தால் 36 அங்குலம் வரும். ஆனால் தையலுக்கு விடும் இடம் எல்லா இடத்திலும் கால் அங்குலமாக இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்தாய் என்று வைத்துக்கொள். ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் போகும். வரிசையில் எட்டுத் தையல், ஆக ஒரு முழு அங்குலம் காணாமல் போகும். பக்கத்து வரிசையோடு எதுவும் பொருந்தாது. மெஷின் தகட்டில் கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தைத்ததை அயர்ன் செய்யும்போது பெட்டியை இழுக்காதே, வைத்து எடு. இழுத்தால் சதுரம் கோணலாகும்.

மேல் துணி, பேட்டிங், அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க, அவற்றை ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷினுக்கு இருந்தால் நடுவிலிருந்து வெளியே போ. இல்லாவிட்டால் கவலை வேண்டாம், கையால் தைக்கலாம். அதற்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற இனத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டை ஒரு தடவை உற்றுப் பார். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய சேலையை விரித்து, அதன் மேல் துண்டுத் துணிகளை ஓர விளிம்பிலிருந்து வைத்துத் தைத்தபடியே நடுவை நோக்கிச் சுற்றி வருகிறார்கள். துண்டு இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே ஓட்டுத் தையலில் முடிகிறது. பஞ்சும் கிடையாது, கடைசியில் விளிம்புக்குப் பைண்டிங் கட்டும் வேலையும் கிடையாது. நான்கு மூலையிலும் பூ என்று சொல்லி மடித்த துணி வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கவந்தி முடிந்ததாக நினைப்பதில்லை. படிந்து கிடக்கும், எத்தனை முறையும் துவைக்கலாம். மேசைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கைவேலை நேரம் கேட்கும். டிசம்பர் பிறந்த பிறகு தொடங்கினால் நடக்காது.

மெஷினிலேயே முடிப்பதானால் விளிம்புக்கு இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துக் கட்டு. வட்ட டாப்பர் என்றால் நேர்ப்பட்டி சுருங்கி இழுக்கும். கிராஸ் பீஸ்தான் வெட்ட வேண்டும்.

பின்பக்கம் ஒரு மூலையில் உன் பெயரையும் வருஷத்தையும் நூலில் எழுது. கொடுக்கும்போது எத்தனை ராத்திரி கண்விழித்தாய் என்று பெருமை பேசாதே. அத்தை பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நீயே மேசையில் விரித்து, அதன் மேல் ஒரு டம்ளர் காபியை வைத்துவிடு.

சித்தி வீட்டுக்கும் தோழிக்கும் சேர்த்து மூன்று தைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இந்த வருஷம் ஒன்றே ஒன்று. அந்தச் சிவப்புத் துணியை இன்று ராத்திரியே ஊறவை.

அன்புடன்,
அக்கா