குதிக்கும் நாய்க்கு ஒரு நான்கு கால் பாடம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது நாயும் ஓர் அங்கத்தினர். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். நாமும் வாங்கித் தருகிறோம். இரண்டு மாதக் குட்டி நம் விரலைக் கவ்வினால் எல்லோரும் சிரிக்கிறோம், முன்னங்காலைத் தூக்கி மடியில் ஏறினால் கொஞ்சுகிறோம். ஏழாம் மாதத்தில் அதே குட்டி 20 கிலோ எடையோடு அதே காரியத்தைச் செய்யும்போது, "நாய் கெட்டுப்போய்விட்டது" என்கிறோம். உண்மையில் நாய் மாறவில்லை. நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறது.

இது எங்கள் செம்பூர் வீட்டில் நடந்த கதை. பிள்ளைகள் தங்கள் லாப்ரடார் குட்டிக்கு ரோவர் என்று பெயர் வைத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை; மணி என்றே கூப்பிட்டார். மணிக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஒரு நாள் மாலை கோயிலுக்குப் போய்த் திரும்பியவர் மேல் வாசலிலேயே பாய்ந்தது. கையிலிருந்த அர்ச்சனைக் கூடை ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. முழங்கை மட்டும் சிராய்த்தது.

"ஏளா, இது நாயா கன்னுக்குட்டியா? ஒண்ணு இது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். என்னைய ஊருக்கு வண்டியேத்தி விட்டுரு" என்றார்.

"ஒரு ரெண்டு மாசம் பொறுங்க அத்தை. அதுக்குள்ள சரியாகலேன்னா வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் அன்று இரவு சாப்பிடவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

ஏன் கவ்வுகிறது? ஏன் குதிக்கிறது?

நமக்குக் கை எப்படியோ, நாய்க்கு வாய் அப்படி. எதையும் வாயால் தொட்டுத்தான் அறியும். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும், மொத்தம் 28. நான்கு மாத வாக்கில் அவை விழுந்து, ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு தினவெடுக்கும். செருப்பு, நாற்காலிக் கால், நம் கை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி தன் உடன்பிறப்புகளிடம்தான் முதலில் கற்கிறது. ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது 'கீச்' என்று கத்தி விளையாட்டை விட்டு விலகிவிடும். 'பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும்' என்பதே அந்தப் பாடம். எட்டு வாரம் முடியும் முன்பே தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டிகளுக்கு இந்தப் பாடம் அரைகுறையாகத்தான் கிடைக்கும். மீதியை நாம் நடத்த வேண்டும்.

குதிப்பதற்கும் காரணம் உண்டு. நாய்க்குட்டிகள் பெரிய நாயின் வாயை நக்கி வரவேற்கும். ஓநாய்க் குட்டிகளிடமும் இந்த வழக்கம் உண்டு. நம் முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. எட்டிப் பிடிக்கக் குதிக்கிறது. அத்தையை அது தள்ள நினைக்கவில்லை. வணக்கம் சொல்லத்தான் போனது.

கூலி கொடுப்பது யார்?

அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டு 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் வகுத்த வழியின் சாரம் எளியது: எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் வளரும், பலன் கிடைக்காதது தேயும்.

நாய் குதிக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அதைப் பார்க்கிறோம், கத்துகிறோம், இரு கையாலும் தள்ளுகிறோம். நமக்கு அது கண்டிப்பு. நாய்க்கோ அது விளையாட்டு. பார்வை, பேச்சு, தொடுதல் மூன்றும் நாய்க்குக் கூலி. வைதுகொண்டே கூலியையும் கொடுத்தால் வேலை எப்படி நிற்கும்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பத்து முறை குதித்து ஒரு முறை பலித்தாலும் பழக்கம் விடாது. என்றோ ஒரு நாள் நூறு ரூபாய் விழுந்தவர் தினமும் லாட்டரிச் சீட்டு வாங்குவதில்லையா, அதுபோல்தான். வீட்டில் நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐந்தாமவர் மட்டும் "பரவாயில்லை, குழந்தைதானே" என்று கொஞ்சினால் நால்வர் உழைப்பும் வீண்.

முதல் பாடம்: பல் பட்டால் ஆட்டம் நிற்கும்

விளையாடும்போது பல் தோலில் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. இழுத்தால் இன்னும் பலமாகப் பிடிக்கும். கையைத் தளர விட்டு, மரம்போல நில்லுங்கள். பார்வையையும் திருப்பிக்கொள்ளுங்கள். சில குட்டிகள் "ஆ!" என்ற சத்தத்துக்கே விட்டுவிடும். வேறு சில அதைக் கேட்டு மேலும் உற்சாகமடையும். அவற்றுக்கு மௌனமே மருந்து.

விடாமல் கவ்வினால், பேசாமல் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து அமைதியாக ஆட்டத்தைத் தொடருங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அடைத்து வைத்தால் எதற்காகத் தண்டனை என்பதே அதற்கு மறந்துபோகும். ஒரே மாலையில் ஏழெட்டு முறை இப்படி எழுந்து போக நேரலாம். சலிக்காதீர்கள்.

இரண்டாம் பாடம்: கை வேறு, பொம்மை வேறு

கவ்வக்கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது. எதைக் கவ்வலாம் என்றும் காட்ட வேண்டும். விளையாடத் தொடங்கும் முன்பே ஒரு முழ நீளத்துக்காவது கயிற்றுப் பொம்மை கையில் இருக்கட்டும். பல்லுக்கும் விரலுக்கும் இடைவெளி கிடைக்கும். இழுபறி ஆட்டம் ஆடலாம். அதற்கும் விதி உண்டு. "விடு" என்றதும் விட்டால் ஒரு துண்டு தின்பண்டம், மறுபடி ஆட்டம். பல் கையில் பட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வெறுங்கையால் முகத்தைத் தட்டி வம்புக்கு இழுக்கும் விளையாட்டை ஆண்பிள்ளைகள் விரும்புவார்கள். அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

மூன்றாம் பாடம்: நான்கு காலும் தரையில்

குதித்தால் முகம் திருப்புதல், நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே "நல்ல பிள்ளை" என்று குனிந்து தடவுதல். இதுவே அடிப்படை. அடுத்த படி, உட்காரப் பழக்குவது. உட்கார்ந்திருக்கும் நாயால் குதிக்க முடியாதல்லவா? தின்பண்டத்தை மூக்கருகே காட்டி மெல்ல மேலே பின்னோக்கி நகர்த்தினால், தலை நிமிர, பின்புறம் தானே தரையில் அமரும். அமர்ந்தவுடன் கொடுங்கள். தினம் மூன்று வேளை, வேளைக்கு மூன்று நிமிடம் போதும். பிறகு இதையே வாசலில் பழக்குங்கள். அழைப்பு மணியை வீட்டார் ஒருவரே அடித்துவிட்டு உள்ளே வரட்டும். உட்கார்ந்தால் வரவேற்பு, எழுந்து பாய்ந்தால் வந்தவர் திரும்பி வெளியே போய்விட வேண்டும்.

பழகி முடியும்வரை விருந்தினர் வரும்போது கழுத்துப் பட்டையில் வார் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இது கட்டாயம். பாடம் படிக்கும் காலத்தில் யாரும் கீழே விழக் கூடாது.

தின்பண்டம் கடலைப் பருப்பு அளவுக்கு மேல் வேண்டாம். சைவ வீடுகளில் பனீர், வேகவைத்த கேரட், உப்பில்லாத இட்லித் துணுக்கு நன்றாக வேலை செய்யும். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பண்டிகை நாட்களில் பிள்ளைகளுக்கு இதை நினைவுபடுத்துங்கள்.

எந்த மொழியில் சொல்வது?

வெளியூரில் வாழும் நமக்கென்றே உள்ள சிக்கல் இது. எங்கள் வீட்டில் நான் "உட்கார்" என்றேன்; பிள்ளைகள் "சிட்" என்றார்கள்; என் கணவர் "பைட்" என்று இந்தியில் சொன்னார்; வேலைக்கு வரும் மராட்டியப் பெண்மணி "பஸ்" என்றார். மராத்தியில் 'பஸ்' என்றால் உட்கார். இந்தியில் அதே சொல்லுக்குப் 'போதும்' என்று பொருள்! மணி எல்லோரையும் பார்த்து விழித்தது. அதைக் கீழ்ப்படியாத நாய் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

எந்த மொழியானாலும் நாய்க்குக் கவலையில்லை. ஒரு செயலுக்கு ஒரே சொல், எல்லோரும் அதே சொல், கூடவே அதே கைச் சாடை, அவ்வளவுதான். நாங்கள் ஒரு தாளில் "உட்கார், விடு, இரு" என்று மூன்று சொற்களை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். பிள்ளைகள் அதற்காகவாவது தமிழ் எழுதினார்கள். பெயரும் மணி என்றே ஆயிற்று.

சக்தி எங்கே போகும்?

"ஊர்ல நாய் தெருவெல்லாம் சுத்திட்டு வந்து திண்ணையில படுத்துக்கிடும். இதைப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சா குதிக்காம என்ன செய்யும்?" என்று அத்தை ஒரு நாள் சொன்னார். மிகச் சரியான பேச்சு. காலையும் மாலையும் நடை, மோந்து பார்க்க அவகாசம், அறைக்குள் ஒளித்து வைத்த பொம்மையைத் தேடும் விளையாட்டு, இவை இருந்தால் பாதிக் குதிப்பு குறையும். அதே சமயம், தூக்கம் போதாத குட்டியும் மாலையில் வெறி பிடித்தாற்போல் ஓடிக் கவ்வும். ஐந்து நிமிட ஆட்டம், பிறகு ஓய்வு என்று முறை வையுங்கள்.

அடிக்கலாமா?

கூடாது. மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, நெஞ்சில் முழங்காலால் இடிப்பது எல்லாம் பழைய வழிகள். இவற்றால் நாய் மனிதக் கையைக் கண்டு அஞ்சும். அஞ்சிய நாய் ஒரு நாள் உண்மையாகவே கடிக்கும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கமும் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், வெகுமதி வழியான பயிற்சியையே பரிந்துரைத்தது.

பாடம் தொடங்கிய முதல் சில நாட்களில் குதிப்பு கூடவும் செய்யலாம். இதுவரை கிடைத்த கூலி நின்றதும் நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அணையப் போகும் விளக்கு பிரகாசமாக எரிவதுபோலத்தான். அந்தச் சமயம் பார்த்து மனம் இளகிவிட்டால், பலமாகக் குதித்தால்தான் பலன் என்று கற்றுக்கொண்டுவிடும்.

விளையாட்டா, வினையா?

முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்பது விளையாட்டுக்கான அழைப்பு. உடல் தளர்ந்து நெளியும். உடல் விறைத்து, பார்வை நிலைகுத்தி, தட்டின் அருகே போனால் உறுமினால் அது வேறு விஷயம். அதற்கு இந்தப் பாடம் போதாது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விளையாட்டிலேயே பல் பட்டுக் கீறினாலும் அலட்சியம் வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது, தடுப்பது எளிது. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் மறு ஊசி. அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று நான் எதுவும் பேசவில்லை. அத்தை கோயிலிலிருந்து வந்தார். மணி எழுந்தது, உடம்பெல்லாம் நெளிந்தது, முன்னங்கால் ஒரு கணம் தரையை விட்டு எழும்பிற்று. பிறகு தானே உட்கார்ந்துகொண்டது. அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு, அதன் தலையில் கை வைத்து, "இப்பல்லா புத்தி வந்திருக்கு" என்றார். ரயில் டிக்கெட் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

இந்த வாரப் பயிற்சி: வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று சொற்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை எழுதி ஒட்டுங்கள். ஏழு நாள் வேறு சொல் எதுவும் வேண்டாம். நாய் எத்தனை முறை குதித்தது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். நாய் கற்றுக்கொண்டதா, நாம் கற்றுக்கொண்டோமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.